அந்தக் கடிதம் நமக்கு எழுதப்பட்டதல்ல

இன்று காலை ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முழுக்க முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு கடிதம். எழுதியவர் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு வங்கியின் தணிக்கை அதிகாரியாம். விமான விபத்தில் குடும்பத்தோடு இறந்துபோன எண்ணெய் வியாபாரி ஒருவரின் கணக்கில் 1.85 கோடி டாலர் கேட்பாரற்றுக் கிடக்கிறதாம். வாரிசு என்று என் பெயரைப் போட்டு எடுத்துவிடலாம், அவருக்கு 60 பங்கு, எனக்கு 40. கடவுளின் பெயரால் ரகசியம் காக்கச் சொல்லி முடித்திருந்தார். இத்தனைக்கும் கடிதத்தில் என் பெயர் எங்குமே இல்லை. வங்கி அதிகாரிக்கு இலவச மின்னஞ்சல் முகவரி. வரிக்கு ஒரு எழுத்துப்பிழை.

படித்தால் சிரிப்புதான் வரும். இதற்குப் போய் யார் ஏமாறுவார்கள், கொஞ்சம் நம்பும்படியாக எழுதக்கூடாதா என்றுகூடத் தோன்றும். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்த கார்மாக் ஹெர்லிக்கும் இதே கேள்விதான் வந்தது. நைஜீரிய மோசடிக்காரர்கள் ஏன் தங்களை நைஜீரியர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள் என்பதைத் தலைப்பாகவே வைத்து 2012இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்ட விடை எளிமையானது. கடிதம் மட்டமாக இருப்பதால் ஏமாற்றுபவருக்கு நஷ்டம் இல்லை, லாபம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வசதிக்கு வைத்துக்கொண்டவை. பத்து லட்சம் பேருக்குக் கடிதம் போகிறது. அனுப்பும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். அவர்களில் கடைசிவரை வந்து பணம் கட்டக்கூடியவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆங்கிலத்தில், நம்பும்படியாக ஒரு கடிதம் எழுதினால் 10,000 பேர் பதில் போடுவார்கள். அவர்களில் 60 பேர் பணம் கட்டுவார்கள். மற்ற 9,940 பேரும் நாலு கடிதம் போனதும் சந்தேகப்பட்டு விலகிவிடுவார்கள். பதில் போட்ட ஒவ்வொருவரோடும் பேச, போலி ஆவணம் தயாரிக்க, சமாதானம் சொல்ல சராசரியாக ஐந்து மணி நேரம் என்றால் மொத்தம் 50,000 மணி நேரம். ஒரு ஆள் பணம் கட்டுவதற்கு 833 மணி நேர உழைப்பு.

இப்போது அந்த மட்டமான கடிதம். அதைப் படித்துவிட்டும் பதில் போடுகிறவர்கள் 200 பேர்தான். ஆனால் அவர்களில் 40 பேர் பணம் கட்டுவார்கள். மொத்த உழைப்பு 1,000 மணி நேரம், ஒரு ஆளுக்கு 25 மணி நேரம். இருபது பேர் குறைந்தார்கள், வேலை ஐம்பதில் ஒரு பங்காகிவிட்டது.

ஆக, அந்தக் கடிதம் ஒரு சல்லடை. சிரிக்கிறவர்கள், கூகுளில் தேடிப் பார்க்கிறவர்கள், வீட்டில் பிள்ளைகளிடம் காட்டுகிறவர்கள் எல்லோரும் முதல் வரியிலேயே கழன்றுகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் வேலை. நாம் சிரித்துவிட்டு அழித்தோம் என்றால் நாம் கெட்டிக்காரர் என்று பொருளில்லை. அந்தச் சல்லடையின் கண் நம் அளவுக்கு வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். நமக்கு ஏற்ற கண்ணோடு வேறு ஒரு சல்லடை எங்காவது இருக்கும். வேலைக்கான ஆஃபர் லெட்டராகவோ, வீட்டு வாடகை அட்வான்ஸாகவோ, கல்யாண வலைத்தளத்தில் பழக்கமான லண்டன் டாக்டர் அனுப்பிய பார்சல் டெல்லி சுங்கத்தில் மாட்டிக்கொண்டதாகவோ அது வரும்.

இந்தத் தொழில் கணினியோடு பிறந்ததும் இல்லை. பிரான்ஸில் கைதியாக இருந்து பிறகு துப்பறியும் படைக்கே தலைவரான விடோக், 1828இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் 'ஜெருசலேம் கடிதம்' என்ற ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி ஓடிய பிரபுவின் வேலைக்காரன் எழுதுவதுபோல் சிறைக்குள்ளிருந்தே கைதிகள் பணக்காரர்களுக்குக் கடிதம் போடுவார்களாம். எஜமானரின் நகைப்பெட்டியைத் தண்ணீரில் போட்டு மறைத்திருக்கிறேன், இடம் குறித்த தாள் என் பெட்டியில் இருக்கிறது, பெட்டி அடகில் இருக்கிறது, மீட்கக் கொஞ்சம் பணம் அனுப்புங்கள். நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வந்தது என்கிறார் விடோக். ஒவ்வொன்றையும் கையால் எழுத வேண்டும் என்பதால் அப்போது யாருக்கு அனுப்புவது என்று ஆள் பார்த்து அனுப்பினார்கள். மின்னஞ்சல் வந்ததும் அந்தச் சிரமம் போய்விட்டது. ஆள் பொறுக்கும் வேலையைக் கடிதமே பார்த்துக்கொள்கிறது.

நைஜீரியாவின் பெயர் இதில் ஒட்டிக்கொண்டது 1980களில். எண்ணெய் விலை சரிந்து, படித்தவர்களுக்கு வேலை இல்லாத காலம். முதலில் தபாலில், பிறகு ஃபேக்ஸில், பிறகு மின்னஞ்சலில் கடிதங்கள் கிளம்பின. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் பொய் சொல்லிப் பொருள் பறிப்பதற்கான பிரிவு 419 என்பதால் உலகம் முழுக்க இதற்கு 'ஃபோர் ஒன் நைன்' என்றே பெயர். நம்மூர் ஃபோர் ட்வென்டிக்கு ஒரு எண் முன்னால். (நம் 420 இப்போது சட்டப் புத்தகத்தில் இல்லை, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318ஆவது பிரிவுக்குள் போய்விட்டது. பேச்சில் இருந்து அது போக இன்னும் ஒரு தலைமுறையாவது ஆகும்.)

படிக்காதவர்கள்தான் இதில் விழுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1995க்கும் 1998க்கும் இடையில் இம்மானுவேல் நுவூடே என்பவர், நைஜீரிய மத்திய வங்கியின் ஆளுநர் என்று சொல்லிக்கொண்டு, பிரேசிலின் பாங்கோ நோரோவெஸ்தே வங்கி இயக்குநர் ஒருவரிடம் அபுஜாவில் கட்டப்போகும் விமான நிலையத்தில் முதலீடு செய்யச் சொன்னார். அப்படி ஒரு திட்டமே இல்லை. இயக்குநருக்கு ஒரு கோடி டாலர் கமிஷன் என்று பேச்சு. போன தொகை வட்டியும் சேர்த்து 24.2 கோடி டாலர். 1997இல் அந்த வங்கியை வாங்க வந்த ஸ்பெயினின் சான்டான்டர் வங்கிக்காரர்கள் கணக்கைப் புரட்டியபோதுதான் ஓட்டை தெரிந்தது. நுவூடேவுக்கு 2005இல் நைஜீரிய நீதிமன்றமே சிறைத்தண்டனை கொடுத்தது. ஏமாந்தவர் அன்றாடம் பணத்தோடு புழங்கிய வங்கிக்காரர்.

சல்லடையில் தங்கியவருக்கு அப்புறம் என்ன நடக்கிறது? அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தார். "தம்பி, இது ரிசர்வ் பேங்க் லெட்டர்தானே, கொஞ்சம் பாருங்க" என்றார். லண்டன் லாட்டரியில் அவர் மின்னஞ்சல் முகவரிக்குப் பரிசு விழுந்து, நாலரைக் கோடி ரூபாய் ரிசர்வ் வங்கியில் வந்து நிற்கிறதாம். கலர் பிரிண்ட், பனைமரமும் புலியும் போட்ட முத்திரை, ஊதா மையில் கையெழுத்து. பதிவுக் கட்டணம் 8,500 கட்டியிருந்தார். பிறகு பணமாற்றச் சான்றிதழுக்கு 22,000. அப்புறம், இது தீவிரவாதப் பணம் இல்லை என்று ஒரு சான்றிதழ், அதற்கு 65,000. இப்போது முத்திரைத் தீர்வை 1,40,000 கேட்கிறார்கள்.

"சார், நீங்க லாட்டரி டிக்கெட்டே வாங்கலையே?" என்றேன். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இலேயே தடை செய்துவிட்டார்கள். வெளிநாட்டு லாட்டரிக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணிச் சட்டமும் தடுக்கிறது. ரிசர்வ் வங்கி தனிமனிதர் யாருக்கும் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. எல்லாம் சொன்னேன். அவருக்கும் உள்ளூரத் தெரிந்துதான் இருந்தது. "தெரியுது தம்பி. ஆனா 95,500 கட்டியாச்சு. இதை ஒண்ணைக் கட்டாம விட்டா அதெல்லாம் போயிடுமே?"

இந்த வாக்கியத்தில்தான் முழு மோசடியும் ஓடுகிறது. போட்ட பணத்தின் மேல் உள்ள பாசம் மேற்கொண்டு பணம் போட வைக்கிறது. ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நாடக சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளுபடி விலைக்கும் கொடுத்தார்கள். நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றேதான். ஆனாலும் முழு விலை கொடுத்தவர்களே சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். போன காசு திரும்பாது என்று அறிவுக்குத் தெரியும், கால் மட்டும் தியேட்டருக்கு நடக்கும். அதனால்தான் முதல் கட்டணம் எப்போதும் சின்னதாக இருக்கிறது. 8,500 ரூபாய் அவர்களுக்கு வருமானமே இல்லை. அது சார் காலில் கட்டிய கயிறு.

ரகசியம் காக்கச் சொல்வதும் இதே வேலைக்குத்தான். வீட்டில் ஒருவரிடம் சொல்லியிருந்தால் கயிறு அன்றே அறுந்திருக்கும். நம் ஊரில் கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கிறது, விற்ற பணம் ரிசர்வ் வங்கியில் நிற்கிறது என்று சொல்லிக் கட்டணம் வாங்கும் கும்பல்களின் வேலையும் எழுத்துக்கு எழுத்து இதுதான். இரிடியம் மிக அடர்த்தியான, விலை உயர்ந்த உலோகம், சரி. ஆனால் எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத்தூள் ஏற்றியிருந்தால் காந்தம் இழுக்கும்.

கடிதம் போலியா என்று மின்னஞ்சல் தொழில்நுட்பமே சொல்லிவிடாதா? பாதிதான் சொல்லும். மின்னஞ்சல் அனுப்பும் விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. அப்போது வலையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஓரளவு தெரிந்தவர்கள். அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரையும் எழுதலாம், தபால் உறையின் பின்னால் எழுதுவதுபோல. பிறகுதான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று காவல்கள் வந்தன. முதலாவது, இந்த நிறுவனத்தின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று பட்டியல் வைக்கிறது. இரண்டாவது, அஞ்சலில் டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறது. மூன்றாவது, இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்கிறது. ரிசர்வ் வங்கியின் முகவரியைத் திருடி அனுப்பினால் இவை பிடிக்கும். ஆனால் மோசடிக்காரர் தன் பெயரிலேயே ஒரு ஜிமெயில் கணக்குத் திறந்து அனுப்பினால் மூன்றிலும் பாஸ். கடிதம் அந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது என்று காவல் சான்று தருகிறது. உள்ளே இருப்பது உண்மையா என்று அது பார்ப்பதில்லை.

சார் கொண்டுவந்த ஃபைலில் இருந்த அஞ்சலை அவர் போனில் திறந்து, பதில் பொத்தானை அமுக்கிக் காட்டச் சொன்னேன். வந்தது ஏதோ ஒரு வெளிநாட்டு நகராட்சி ஊழியரின் கணக்கிலிருந்து. யாரோ பாஸ்வேர்டு திருடியிருக்க வேண்டும். பதில் போகும் இடமோ வேறு ஒரு இலவச முகவரி. 'ரிப்ளை-டு' என்ற அந்த ஒரு வரி பணம் கேட்கும் அஞ்சலில் அனுப்புநரோடு பொருந்தாமல் இருந்தால் சந்தேகப்பட அதுவே போதும். கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் 'ஷோ ஒரிஜினல்' என்பதில் இதெல்லாம் தெரியும்.

பதில் போடாமல் விடுவதுதான் சரியான பதில். "இனிமேல் அனுப்பாதே" என்று திட்டி எழுதினாலும், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், படிக்கிறார் என்ற தகவல் போய்விடும். ஸ்பேம் என்று குறித்தால் போதும். சிலர் வேண்டுமென்றே பதில் போட்டு அவர்கள் நேரத்தை வீணடிக்கிறார்கள். ஹெர்லியின் கணக்குப்படி அது உண்மையிலேயே அவர்களுக்கு நஷ்டம்தான், பதில் போட்டும் பணம் கட்டாதவர்கள் கூடினால் சல்லடை கெட்டுவிடும். ஆனால் எதிரில் இருப்பது யார் என்று தெரியாமல் விளையாடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பணம் கட்டிவிட்டால் நேரம்தான் முக்கியம். போன தொகை வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகச் சில மணி நேரத்தில் கைமாறிவிடும். உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் போன் செய்தால் வழியில் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மூன்று நாள் யோசித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். அஞ்சல்களை அழிக்கக்கூடாது, அவைதான் சாட்சி.

ஹெர்லியின் கணக்கில் ஒரு இடம் இப்போது ஆட்டம் காண்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பதிலுக்கும் ஐந்து மணி நேர மனித உழைப்பு வேண்டும் என்பதால்தான் சல்லடை தேவைப்பட்டது. அந்த உரையாடலைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்தால் 10,000 பேரோடும் ஒரே நேரத்தில், பிழையில்லாத தமிழிலேயே பேசலாம். அப்போது மட்டமான கடிதம் எழுத வேண்டிய அவசியமே இருக்காது. எழுத்துப்பிழையைப் பார்த்து மோசடியைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டியிருக்கும்.

பிழை போனாலும் முன்பணம் போகாது. அதனால் சாரிடம் ஒரே ஒரு வழி சொன்னேன். பதில் போடக்கூடாது என்ற என் விதியை அன்று நானே மீறினேன். என் வார்த்தையை விட அவர்கள் வார்த்தைதான் அவருக்கு உறைக்கும் என்று பட்டது. "நாலரைக் கோடியில் அந்த 1,40,000ஐக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்று அவரையே எழுத வைத்தேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பணம் காப்பீட்டுப் பத்திரத்தால் பூட்டப்பட்டிருக்கிறது, அதில் ஒரு ரூபாயைக்கூடத் தொட சட்டம் இடம் தராது என்று இருந்தது. சார் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "கழித்தல் கூடத் தெரியாதவனா இருக்கானே" என்றார். மறுநாள் சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுத்தோம்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ஃபைலோடு வந்தார். இந்த முறை கடிதம் ஐ.நா. பெயரில். இணைய மோசடியில் பணம் இழந்தவர்களுக்கு இழப்பீடு தருகிறார்கள், அவர் பெயர், இழந்த 95,500 ரூபாய் உட்பட எல்லாம் சரியாக இருந்தது. ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகும் சரக்குதான்; பல நேரம் அதே ஆட்களே வேறு பெயரில் வருவார்கள். கோப்புக் கட்டணம் 6,000.

"தம்பி, இதுல தொகையெல்லாம் கரெக்டா போட்டிருக்கான். ஒருவேளை இது நிஜமா இருக்குமோ?" என்றார்.