நம்பிக்கை உள்ளவர்களுக்கும் மனம் சோரும்

டயாலிசிஸுக்கு வரும் ஒரு பெண்மணியின் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள், மனச்சோர்வுக்காக எழுதித் தந்த மாத்திரை அட்டை, ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் இருந்ததைச் சென்ற வாரம் பார்த்தேன். "கடவுளை நம்புகிறவளுக்கு இந்த மாத்திரை எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள், டாக்டர்" என்றார். இதே பதிலைப் பலரிடமும் கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடப்பவருக்கு, உதட்டளவில் ஓடும் பிரார்த்தனை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். ஆனால், பக்தி உறுதியாக இருந்தால் மனம் சோராது என்ற எண்ணம் தவறு. நாட்பட்ட நோயும் வலியும் தூக்கமின்மையும் எவர் மனத்தையும் சோர வைக்கும். பக்தியுள்ளவர் மனம் அதற்கு விலக்கன்று. அப்படிச் சோர்ந்தவரிடம் "இன்னும் உருகி வேண்டிக்கொள்" என்று சொல்லும்போது, நோய் தணியாத ஒவ்வொரு நாளையும் தன் பக்தியின் குறையாகவே அவர் எண்ணத் தொடங்குகிறார். "ஏதோ பாவம் செய்திருக்கிறேன், கடவுள் கைவிட்டுவிட்டார்" என்று அந்தப் பெண்மணி சொன்னது இப்படித்தான்.

இதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டும் உடன் ஆய்வாளர்களும், மருத்துவமனையில் சேர்ந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், உடல்நிலையைக் கணக்கில் கொண்ட பிறகும், கடவுள் தம்மைக் கைவிட்டதாக உணர்ந்தவர்களிடம் இறப்பு அபாயம் கூடுதலாகவே இருந்தது. "உங்கள் நம்பிக்கை இப்போது துணையாக இருக்கிறதா, பாரமாக இருக்கிறதா?" என்று கேட்க இரண்டு நிமிடம் போதும், அதை எங்கள் துறையினரிலேயே பலர் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

வேண்டுதலை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். இன்சுலின், ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை ஆகியவற்றைத் திடீரென்று விடுவது உயிருக்கே ஆபத்து. நோன்பு இருக்க விரும்பினால் முன்னதாகவே சொல்லுங்கள், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற இயலுமா என்று பார்க்கிறோம். சொல்லாமல் இருந்துவிட்டு, மயங்கிய பிறகு தூக்கிக்கொண்டு வராதீர்கள். வழிபாட்டில்கூட நாட்டமின்றி ஒருவர் இரண்டு வாரம் ஒடுங்கிக் கிடந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அன்றைக்கே. அவர் அழுதால், தயவுசெய்து அறிவுரை கூறாமல் பக்கத்தில் அமர்ந்து அழ விடுங்கள்.

அந்தப் பெண்மணியின் மகனை அடுத்த முறை உடன் வரச் சொல்லியிருக்கிறேன்.