தட்டையான நெக்கும் பழகாத கட்டைவிரலும்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி போன மாதம் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறி வந்தார். கோயில் பாடகர் குழுவில் வாசிப்பவர். ஆறு வருடமாகக் கையில் இருந்தது பழைய ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல். இப்போது வேகமாக வாசிக்க ஆசைப்பட்டு மெல்லிய நெக் (இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி) வைத்த கிடார் ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார்.

"மாஸ்டர், இதுல எஃப் கார்டே பேச மாட்டேங்குது. நெக்கு வளைஞ்சிருக்கும்போல. திருப்பி அனுப்பிடவா?"

பார்த்தேன். நெக் வளையவில்லை. நெக்கின் முன்பக்கம் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் ஃப்ரெட் போர்டு போதுமான அளவு வளையாததுதான் அவருக்குச் சிக்கல்.

வளைந்த போர்டிலிருந்து தட்டைக்கு மாறிய இந்த மாதிரி ஆட்கள் அடிக்கடி வருகிறார்கள். சிலர் கிடாரை விற்றுவிடப் பார்க்கிறார்கள். சிலர் இன்னும் பலமாக அழுத்தி வாசிக்கிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் எழுதுகிறேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் அவர்கள்தான்.

ஃப்ரெட் போர்டைக் குறுக்காகத் தடவிப் பார்த்தால் நடு மேடாகவும் ஓரங்கள் கொஞ்சம் தாழ்ந்தும் இருக்கும். அந்த வளைவை முழு வட்டமாக வரைந்தால் அதன் ஆரம் எவ்வளவோ, அதுதான் ரேடியஸ். எண் பெரிதாகப் பெரிதாக போர்டு தட்டையாகும். பழைய ஃபெண்டர் கிடார்களில் 7.25 இன்ச். இப்போது வரும் ஃபெண்டர்களில் பெரும்பாலும் 9.5. கிப்சனின் லெஸ் பால் 12. ஐபனீஸின் விசார்ட் நெக்குகள் பலவற்றில் 400 மி.மீ., அதாவது சுமார் 15.75 இன்ச். ஜாக்சன் கிடார்கள் பலவற்றில் நட் பக்கம் (தலைப்பகுதியை ஒட்டிய முனை) 12-ல் தொடங்கி, உடல் பக்கம் போகப் போக 16 ஆகிவிடும். கிளாசிக்கல் கிடார் பொதுவாகத் தட்டையேதான்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (போர்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) போர்டின் அகலம் 52 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 7.25 ரேடியஸில் நடுப்பகுதி ஓரத்தைவிட 1.8 மி.மீ. உயரம். 9.5-ல் 1.4, 12-ல் 1.1, 16-ல் 0.8. அவ்வளவுதான், ஒரு மில்லிமீட்டர் விவகாரம். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் தம்பியின் கை ஆறு வருடம் குடியிருந்திருக்கிறது.

வளைந்த, தடித்த நெக்கைப் பெரும்பாலானவர்கள் துடுப்பைப் பிடிப்பது மாதிரி பிடிப்பார்கள். உள்ளங்கை ஒட்டியிருக்கும், கட்டைவிரல் மேலே எட்டிப் பார்க்கும். அந்த நெக்கில் அது சௌகரியம்தான், தப்பில்லை. அதே பிடியை மெல்லிய தட்டை நெக்கில் போட்டால் விரல்கள் சாய்ந்து விழும். எஃப் மாதிரி பார் கார்டில் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வேண்டிய ஆள்காட்டி விரல் லேசாக வில் மாதிரி வளைந்து நிற்கும். போர்டு தட்டை, விரல் வில்: நடுவில் ஏதாவது ஒரு கம்பி தப்பித்துவிடும். அது 'டப்' என்று செத்த சத்தம் கொடுத்ததும் நாம் செய்வது என்ன? இன்னும் அழுத்துவோம்.

தம்பியின் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது கம்பி (மிக மெல்லியதுதான் முதல் கம்பி), ஆள்காட்டி விரலின் மடிப்புக் கோட்டுக்குள் சரியாகப் போய் உட்கார்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் விழுந்த கம்பியை எவ்வளவு அழுத்தினாலும் பேசாது. விரலை இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏற்றச் சொன்னேன். அப்புறம் விரலைக் கட்டைவிரல் பக்கமாக லேசாக உருட்டச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் சதை குறைவு, எலும்பு கிட்டத்தில் இருக்கும். கம்பி பேசிவிட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. எஃப் மேஜர் பார் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் பிடிக்க வேண்டியதில்லை. ஐந்து, நான்கு, மூன்று ஆகிய கம்பிகளை மற்ற மூன்று விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலுக்கு மிச்சம் ஆறு, இரண்டு, ஒன்று மட்டும்தான். எஃப் மைனர் என்றால் மூன்றாவதும் சேரும். விரலின் நடுவே அழுத்தம் போடுவது வீண் வேலை.

கட்டைவிரலுக்கு வருவோம். கார்டு வாசிக்கும்போது அது நெக்கின் முதுகில், நடுவிரலுக்கு நேர் பின்னால் இருக்கட்டும். பஸ் டிக்கெட்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடிக்கும் அளவு அழுத்தம் போதும். நம்பிக்கை வரவில்லையென்றால் கட்டைவிரலை முழுதாக எடுத்துவிட்டு எஃப் வாசித்துப் பாருங்கள். வலது முன்கை கிடாரின் உடலைப் பிடித்திருக்கட்டும், இடது முழங்கையைக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். கையின் கனமே கம்பியை அமுக்கிவிடும். நெரிப்பதற்குக் கட்டைவிரல் தேவையே இல்லை என்று கைக்குத் தானே புரியும்.

கட்டைவிரல் கீழே இறங்கும்போது மணிக்கட்டு முன்பக்கமாக மடியும். வலி தொடங்கும் இடம் இதுதான். பெல்ட்டை இரண்டு ஓட்டை ஏற்றிப் போடுங்கள். கிடாரின் தலைப்பகுதி தோள் உயரத்தை ஒட்டி நிற்கட்டும். உட்கார்ந்து பழகும் உயரமும் நின்று வாசிக்கும் உயரமும் ஒன்றாக இருந்தால் நல்லது. முட்டி வரை தொங்கவிட்டால் போட்டோவுக்கு அழகுதான், மணிக்கட்டுக்கு ஆகாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். முதன்முதலில் தட்டை போர்டுக்கு மாறிய வருடம், மூக்கையூர் பக்கம் ஒரு திருவிழாவில் விடிய விடிய வாசித்தேன். பழைய பிடி, பழைய பலம். மறுநாள் காலை டீ கிளாஸைத் தூக்கும்போது கட்டைவிரல் அடியில் சுரீரென்றது. டாக்டர் ஓய்வு என்றார். நான் ஒரு வாரத்தில் திரும்ப எடுத்தேன், வலி இரண்டு மாதம் இழுத்தது. அதனால் மாணவர்களுக்கு நான் சொல்வது: விரல் நுனி எரிச்சல் சகஜம், போகப் போகச் சரியாகும். கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ வலி, இரவில் விரல் மரத்துப்போவது என்றால் அன்றைக்கே கிடாரைக் கீழே வையுங்கள், டாக்டரிடம் போங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு வாசிப்பது வைத்தியமாகாது.

அழுத்தம் அதிகமானால் இன்னொரு கெடுதலும் உண்டு. இந்த வகைக் கிடார்களில் ஃப்ரெட்டுகள் பெரும்பாலும் உயரமாக இருக்கும். பலமாக அமுக்கினால் ஸ்வரம் ஏறிவிடும். ட்யூனர் ஆப்பைத் திறந்து வைத்து ஒரே நோட்டை மெதுவாகவும் பலமாகவும் அமுக்கிப் பாருங்கள், முள் நகர்வது தெரியும்.

பெண்டிங்கில் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்வரத்தை ஏற்றுவது) மட்டும் தட்டை போர்டு நமக்குச் சலுகை தருகிறது. 7.25 போர்டில் ஆக்ஷனை, அதாவது ஃப்ரெட்டிலிருந்து கம்பி நிற்கும் உயரத்தை, தாழ்த்திவிட்டு மேல் ஃப்ரெட்டுகளில் முதல் கம்பியை நடுவுக்குத் தள்ளினால், கம்பி மேட்டில் ஏறி அடுத்த ஃப்ரெட்டுகளில் இடித்து நின்றுவிடும். தட்டையில் அந்த மேடு சின்னது, ஆக்ஷனைத் தாழ்வாகவே வைத்துக்கொள்ளலாம். இங்கே மட்டும் கட்டைவிரல் மேலே வரலாம், வரவும் வேண்டும். ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியை நெக்கின் விளிம்பில் ஊன்றி, சாவி திருகுவது மாதிரி முன்கையைத் திருப்புங்கள். விரலால் தள்ள வேண்டாம்.

வலது கைக்குப் பெரிய வேலை இல்லை. நடுக்கம்பிகள் முன்போல எழும்பி நிற்காது என்பதால் தனிக் கம்பியை வாசிக்கும்போது பிக் (மீட்டும் சின்னத் தகடு) பக்கத்துக் கம்பியிலும் படும். பிக்கை ஆழமாக இறக்காமல் நுனியால் வாசித்தால் சரியாகிவிடும்.

கையை மாற்றுவதற்கு முன் கிடார் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். பிரிட்ஜில் (உடல் பக்கம் கம்பிகள் முடியும் இடம்) கம்பிகளைத் தாங்கும் ஆறு சேடில்கள் தனித்தனியாக இருந்தால் அவற்றின் உயரம் போர்டின் வளைவையே பின்பற்ற வேண்டும். தட்டை போர்டில் சேடில்கள் பழைய வளைவில் நின்றால் மூன்றாவது, நான்காவது கம்பிகள் தேவையில்லாமல் உயர்ந்து நிற்கும். இதைப் பார்க்கக் கடையில் அளவுத் தகடு கிடைக்கும், வீட்டிலும் செய்யலாம். பள்ளிக்கூட ஸ்கேல் 12 இன்ச்தான். பூஜ்யத்தில் ஒரு துளை, 12-ல் ஒரு துளை. ஒன்றில் குண்டூசி, மற்றதில் பென்சில். கெட்டி அட்டையில் வில் போட்டு வெட்டினால் 12 இன்ச் ரேடியஸ் தகடு தயார். 16 இன்ச்சுக்கு நீளமான மரச்சட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். நூல் கட்டி வரையலாம் என்று தங்கூசியை (மீன்பிடி நைலான் நூல்) எடுக்காதீர்கள், அது இழுபடும், வில் கோணலாகும்.

நம் கடற்கரையில் ஒரு தொல்லை உண்டு. பாம்பன், மண்டபம் பக்கத்துக் கிடார்களில் சேடில் திருகுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. சின்ன ஆலன் கீயைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருகினால் திருகின் தலை வழுவழுத்துப் போகும். முந்தின இரவே ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு வையுங்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளைப் பருத்தித் துணியால் துடையுங்கள். துருவேறிய கம்பியில் பெண்டிங் பழகினால் விரல்தான் அறுபடும்.

தம்பியின் கிடாரிலும் நடு சேடில்கள் இரண்டும் உயரமாகத்தான் இருந்தன. இறக்கி வைத்தேன், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி 1.8, முதல் கம்பி 1.5 மி.மீ. உயரத்தில். கட்டைவிரல் இல்லாமல் எஃப் வாசிக்கச் சொல்லி அனுப்பினேன், தினம் பத்து நிமிடம் மட்டும். இரண்டு வாரம் கழித்துப் போனில் கூப்பிட்டார். எஃப் பேசுகிறதாம். இப்போது பழைய கிடாரை எடுத்தால் அதுதான் மேடாகத் தெரிகிறதாம், "அதையும் கொண்டுவரவா மாஸ்டர்?" என்றார்.