முதல் விளைவு: கடலாய்வில் ஒரு தொடரும் அதன் தமிழும்

ஃபைட்டோபிளாங்க்டன் பிரைமரி புரொடக்டிவிட்டி. கடல் அறிவியல் படிக்க மும்பைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் சில வாரங்களிலேயே சரளமாகிவிடும் தொடர் இது. வெர்சோவாவில் இருக்கும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்திலோ, அந்தேரியில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் மண்டல மையத்திலோ ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) ஆகச் சேர்ந்தவர்கள், தாராவியிலோ மாதுங்காவிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால், ‘என்ன ஆராய்ச்சி பண்றே?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். பாடநூல் தமிழில் பதில் இருக்கிறது: தாவர மிதவை உயிரிகளின் முதல்நிலை உற்பத்தித்திறன். சொல்லிப் பார்த்தால் கேட்பவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. தாராவியில் என் பெரியப்பா முறையில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “அப்போ கடல்ல என்ன வெளையுதுன்னு அளக்கப் போற, அப்படித்தானம்மா?” என்றார். அப்படித்தான். நான் சொன்னதைவிட அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தத் தொடரைச் சொல் சொல்லாகப் பிரிக்கிறேன்.

பிளாங்க்டன் என்ற பெயரை 1887இல் வைத்தவர் ஜெர்மனியின் கீல் நகரத்து விஞ்ஞானி விக்டர் ஹென்சன். நீரோட்டம் இழுத்த பக்கம் போகும் உயிர்களையெல்லாம் ஒரே பெயரில் அடக்க நினைத்தார். கிரேக்கத்தில் ‘பிளாங்க்டோஸ்’ என்றால் அலைந்து திரிவது. அதன் முன்னால் செடியைக் குறிக்கும் ‘ஃபைட்டோன்’ சேர்ந்து ஃபைட்டோபிளாங்க்டன் ஆனது. மிதப்பது என்ற பொருள் மூலச்சொல்லில் இல்லை. தமிழில்தான் அது ‘மிதவை’ ஆயிற்று. இலங்கைத் தமிழர் இந்தச் சிக்கலுக்குள் போகாமல் ‘பிளாந்தன்’ என்று ஒலியை மட்டும் தமிழாக்கிக்கொண்டார்கள்.

மிதவை பொருத்தமா? உயிரியல்படி பார்த்தால் முழுப் பொருத்தம் இல்லை. டயாட்டம் என்ற வகைக்குச் சிலிக்காவாலான ஓடு உண்டு. கண்ணாடியும் சிலிக்காதான். அந்த ஓட்டின் எடையால் பெரும்பாலான டயாட்டங்கள் மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே இருக்கின்றன. காற்றும் ஓட்டமும் நீரைக் கலக்கிவிடுவதால்தான் அவை வெளிச்சம் படும் அடுக்கிலேயே தங்குகின்றன. தமிழில் ‘அலை’ என்ற ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்கிறது. கடலில் எழுவதும் அலை, திரிவதும் அலைதல். ஹென்சன் நினைத்ததற்கு ‘அலைவுயிர்’ இன்னும் நெருக்கம். ஆனாலும் மிதவை பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. இனி மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். இன்னொன்றும் உண்டு. சங்கப் பாட்டுகளில் மிதவை என்பது கூழுக்குப் பெயர். கடலில் மற்ற உயிர்களெல்லாம் எதைத் தின்று பிழைக்கின்றனவோ அதற்கு இந்தப் பெயர் வாய்த்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

என் வழக்கு ‘தாவரம்’ என்ற சொல்லோடுதான். தாவரம் ‘ஸ்தாவரம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. நிற்பது, இடம் பெயராதது என்று பொருள். பத்திரப் பதிவில் வீட்டையும் நிலத்தையும் ‘ஸ்தாவர சொத்து’ என்பது இதனால்தான். சிவபுராணம் ‘தாவர சங்கமத்துள்’ என்று பாடுவதும் நிற்பனவும் திரிவனவும் என்ற பொருளில்தான். அப்படியானால் ‘தாவர மிதவை உயிரி’ என்பதற்கு நகராமல் நின்று மிதந்து திரியும் உயிர் என்று பொருளாகிறது. சொல்லின் உள்ளேயே முரண். டைனோஃப்ளஜெல்லேட் என்ற வகைக்குச் சாட்டை போன்ற இழைகள் உண்டு. அவை நீந்தவே செய்யும்.

சொல்முரணை விட்டாலும் பொருள்முரண் நிற்கிறது. இந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி தாவரமே இல்லை. டயாட்டம் தாவர இனத்தில் சேராது. வெப்பக் கடல்களில் எண்ணிக்கையில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும் புரோக்ளோரோகாக்கஸ் ஒரு பாக்டீரியா. குறுக்களவு ஏறத்தாழ 0.6 மைக்ரான்தான். அமெரிக்க விஞ்ஞானி சாலி சிஷோமின் குழு 1988இல் அதை அறிவிக்கும்வரை, கடலில் அப்படியொன்று இருப்பதே உலகுக்குத் தெரியாது. இத்தனையையும் ஒரே கூரைக்கீழ் கொண்டுவரத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: பாசி. பசுமைக்கும் பாசிக்கும் வேர் ஒன்றே. குளத்துப் படிக்கட்டில் படிவதும் பாசி, பாக்டீரியாவான நீலப்பசும்பாசியும் பாசி. வகைப்பாட்டுக்குள் நுழையாமல், ‘பச்சையம் கொண்டு வெயிலில் வாழ்வது’ என்பதை மட்டும் அது சொல்கிறது. ஃபைட்டோ என்ற முன்னொட்டு இன்றைக்குச் செய்யும் வேலையும் அதுவே. வெறும் பாசி என்றால் நோன்புக் காலத்தில் காய்ச்சும் கடல்பாசி நினைவுக்கு வரும் என்பதால் ‘நுண்’ சேர்க்க வேண்டும். மிதவை நுண்பாசி. நான் இப்படித்தான் எழுதுகிறேன்.

இனி புரொடக்டிவிட்டி. லத்தீனில் ‘முன்னே கொண்டுவருதல்’ என்பது அதன் வேர். தமிழில் நாம் வைத்த ‘உற்பத்தி’யும் வடமொழி வழி வந்தது. தோன்றுதல், பிறத்தல் என்பது மூலப்பொருள். காவிரி தலைக்காவிரியில் உற்பத்தியாகிறது என்னும்போது அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. தொழிற்சாலைப் பொருள் பிறகு ஏறியது. இன்று உற்பத்தி என்றதும் ஆலையும் ஷிஃப்டும்தான் கண்முன் வருகின்றன.

பெரியப்பா சொன்ன ‘விளை’ அப்படியல்ல. நெல் விளையும், முத்து விளையும், உப்பும் விளையும். வயலுக்கும் கடலுக்கும் ஒரே வினையை வைத்த மொழி இது. நற்றிணையின் 88ஆம் பாட்டு உப்பைக் ‘கடல் விளை அமுதம்’ என்கிறது. வெயிலும் நீரும் சேர்ந்து, மனிதக் கை அதிகம் படாமல், நாளாக ஆக ஒன்று உருவாகி மிகுவதுதான் விளைதல். நுண்பாசி வெயிலைப் பிடித்து, நீரில் கரைந்த கரியமில வாயுவை உடம்பாக்கிக்கொள்வதை இதைவிடச் சரியாகச் சொல்லும் வினை எனக்குத் தெரியவில்லை. பிரைமரி என்பதற்கு ‘முதல்’ போதும், ‘நிலை’ வேண்டியதில்லை. முதல் என்றால் தொடக்கம், வியாபாரத்தில் போடும் பணமும் முதல்தான். கடலின் மீன்வளம் முழுக்க இந்த முதலை நம்பித்தான் நடக்கிறது. ஆக, விளைந்த பொருள் முதல் விளைவு. அது விளையும் வேகம் முதல் விளைதிறன்.

‘திறன்’ என்றால் ஆற்றல்தானே, வேகத்தை எப்படிக் குறிக்கும் என்று கேட்கலாம். பள்ளி இயற்பியலில் திறன் என்பது வேலை செய்யப்படும் வீதம். அதே பொருளில் இங்கும் கொள்ள வேண்டும். முதல் விளைதிறனின் அலகு, ஒரு சதுர மீட்டர் கடலில் ஒரு நாளில் இத்தனை மில்லிகிராம் கார்பன் என்பது. ‘ஒரு நாளில்’ என்பதை எடுத்துவிட்டால் அது விளைதிறன் ஆகாது.

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். குளோரோஃபில், அதாவது பச்சையத்தின் அளவைப் பார்த்துவிட்டு ‘இந்தப் பகுதியில் விளைதிறன் அதிகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். குளோரோஃபில் காட்டுவது இருப்பை. தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தோடு கிளம்பும் நம் ஆட்களின் பாத்திரத்தைப் பத்து மணிக்குத் திறந்து பார்த்தால் நாலு இட்லி கிடக்கும். அன்றைக்கு எத்தனை வெந்தது என்பதை அந்த நாலு சொல்லாது. கடலிலும் விளைய விளைய, விலங்கு மிதவைகள் என்ற மிதந்து திரியும் சிறு விலங்குகள் மேய்ந்துவிடுகின்றன. 1998இல் வெளியான ஒரு கணக்கின்படி, உலகில் ஓராண்டில் ஒளிச்சேர்க்கையால் நிகரமாகச் சேரும் கார்பன் ஏறத்தாழ 10,500 கோடி டன். அதில் சுமார் 4,850 கோடி டன் கடலினுடையது. இவ்வளவையும் விளைவிக்கும் நுண்பாசியின் மொத்த எடையோ, உலகில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களின் எடையில் ஒரு விழுக்காடுகூட இல்லை. சில நாட்களுக்கு ஒருமுறை முழு இருப்பும் புதிதாகிவிடுகிறது. இருப்பையும் விளைதிறனையும் ஒன்றாக்கினால் இந்த வியப்பு முழுவதும் கைவிட்டுப் போகும்.

அளப்பது எப்படி என்று பார்த்தால் சொற்கள் இன்னும் தெளியும். பழைய முறை வெளிச்சக் குப்பியும் இருட்டுக் குப்பியும். நார்வேயில் கார்டரும் கிரானும் 1927இல் வெளியிட்டது. ஒரே ஆழத்து நீரை மூன்று குப்பிகளில் பிடிக்கிறோம். ஒன்றில் உடனே ஆக்சிஜனை அளந்துவிடுகிறோம். ஒன்று ஒளி புகும் கண்ணாடிக் குப்பி, மற்றது ஒளி புகாதபடி மூடியது. இரண்டையும் நீரில் தொங்கவிட்டுச் சில மணி நேரம் கழித்து எடுக்கிறோம். பிறகு நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் டைட்ரேஷன். மாங்கனீசு சல்ஃபேட்டும் கார அயோடைடும் விட்டதும் குப்பிக்குள் பழுப்பாகத் திரிந்து, துகள் துகளாக அடியில் படியும். அமிலம் விட்டுக் குலுக்கினால் படிவு கரைந்து அயோடின் நிறம் வரும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, நிறம் வைக்கோல் மஞ்சளுக்கு இறங்கும். அப்போது ஸ்டார்ச்சு விட்டால் சட்டென்று கருநீலம். அந்த நீலம் போகும் கடைசிச் சொட்டில் கையை நிறுத்தப் பழகுவதுதான் முதல் வருட ஆராய்ச்சியாளரின் கைத்தொழில்.

தொடக்கத்தில் லிட்டருக்கு 6.0 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தது, வெளிச்சக் குப்பியில் 6.8 ஆனது, இருட்டுக் குப்பியில் 5.7க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் குறைந்த 0.3 சுவாசச் செலவு. வெளிச்சத்தில் கூடிய 0.8 நிகர விளைவு. இரண்டையும் கூட்டினால் வரும் 1.1 மொத்த விளைவு. வரவு செலவு எழுதும் எந்த வீட்டிலும் மொத்தம், நிகரம், செலவு என்ற சொற்கள் ஏற்கெனவே புழங்குகின்றன. புதிதாக ஒன்றும் படைக்க வேண்டியதில்லை. டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் கதிரியக்க கார்பன்-14ஐக் கொண்டு அளக்கும் முறையை 1952இல் வெளியிட்ட பிறகு நடுக்கடலின் குறைந்த விளைவையும் அளக்க முடிந்தது. அந்த முறை தரும் எண் மொத்தமா நிகரமா என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் என்பதே பதில். குப்பிகளை எத்தனை மணி நேரம் வைத்தோம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஆகவே கட்டுரையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பு நேரத்தையும் எழுதியாக வேண்டும்.

செயற்கைக்கோள் விஷயத்திலும் இதே எச்சரிக்கை. 1999இல் இந்தியா ஏவிய ஓஷன்சாட்-1 முதல் 2022இல் ஏவிய ஓஷன்சாட்-3 வரை, கடல்நிறக் கருவி பார்ப்பது நிறத்தை. நிறத்திலிருந்து குளோரோஃபில்லைக் கணிக்கிறோம். அதோடு ஒளியும் வெப்பநிலையும் சேர்த்து, சூத்திரம் வழியாகத்தான் விளைதிறனுக்குப் போகிறோம். மும்பைக் கரையோரத்தில் ஓதம் கிளப்பும் சேறும் அதே நிறத்தில் கலந்துவிடுவதால் கணிப்பு பிசகும். காலநிலை விஞ்ஞானி ராக்ஸி மேத்யூ கோல் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் நுண்பாசி 20 விழுக்காடு வரை குறைந்திருப்பதாகச் சொன்னது. மேல்நீர் சூடேறி, அடிநீரோடு கலப்பது குறைந்து, ஊட்டச்சத்து மேலே வராமல் போவதே காரணம் என்றது. இத்தகைய செய்தி தமிழ் நாளிதழில் வரும்போது, குறைந்தது இருப்பா விளைதிறனா என்று கேட்டுத்தான் படிக்க வேண்டும்.

‘புளூம்’ என்பதைப் பாசிப் பெருக்கம் என்கிறோம். சொல் நல்லது, ஆனால் பெருக்கம் எல்லாமே நல்ல விளைச்சல் அல்ல. 2019இல் பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியபோது, மீனவர்கள் சொன்ன பெயர் பூங்கோரை. அறிவியல் பெயர் நாக்டிலூக்கா, இரவில் ஒளிர்வது என்று பொருள். ஜூஹு கரையில் சில ஆண்டுகளில் அலை நீலமாக மின்னுவதற்கும் இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. நாக்டிலூக்காவுக்குச் சொந்தப் பச்சையம் கிடையாது. பச்சை வகை, தன் உடம்புக்குள் குடிவைத்த பாசியின் விளைவில் பாதி வாழ்ந்து, டயாட்டங்களையும் பிடித்துத் தின்கிறது. அதை நுண்பாசி என்று எழுதுவதற்கு நான் தயங்குவேன். பூங்கோரை என்றே எழுதலாம்.

கடைசியாக ஓர் இணைச்சொல். கடலியலாளர்கள் டக்டேலும் கோரிங்கும் 1967இல் விளைவை இரண்டாகப் பிரித்தார்கள். ஆழத்திலிருந்து வரும் நைட்ரேட்டை உண்டு விளைவது புது விளைவு. மேலடுக்கிலேயே உயிர்கள் கழித்த அம்மோனியத்தை உண்டு விளைவது மீள் விளைவு. நெடுங்கால நோக்கில் மீனாகப் பிடிக்கவும் ஆழத்தில் கார்பனாகப் புதையவும் புது விளைவின் அளவுக்கே இடமுண்டு. குளிர்காலத்தில் வட அரபிக்கடலின் மேல்நீர் குளிர்ந்து அமிழ, அடிநீர் மேலேறி நைட்ரேட்டைக் கொண்டுவருகிறது. அங்கே இந்தப் பிரிப்பு அழகாகப் பொருந்தும். மாஹிம், தாணே கழிமுகங்களில் பொருந்தாது. அங்கு அம்மோனியம் ஊரின் சாக்கடையோடு வெளியிலிருந்து வருகிறது, கடல் தானே சுழற்றிக் கொடுத்ததல்ல. ஆகவே மும்பைக் கரையோரத் தரவை வைத்து எழுதும் மாணவர்கள், அம்மோனியத்தில் விளைந்ததையெல்லாம் மீள் விளைவு என்ற பத்தியில் போடாமல், அது எங்கிருந்து வந்ததென்று தனியே காட்ட வேண்டும்.