பில் கவுண்டர்கள் சேர்ந்து நின்றால் யாரைத் தேடுவது?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை, தீபாவளிக் கூட்டம். நான்கு பில் கவுண்டரும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் சிபியு சும்மா கிடக்கிறது. சரக்கு இருப்பைக் கேட்டால் உடனே வருகிறது, பில் மட்டும் விழவில்லை. இப்படி இருந்தால் முதலில் லாக்கைத்தான், அதாவது ஒருவர் திருத்தும்போது மற்றவரைக் காக்கவைக்கும் பூட்டைத்தான், சந்தேகிக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு வரியைத் திருத்தும் டிரான்சாக்ஷன் (ஒரே தொகுப்பாக நடக்கும் வேலை), கமிட்டோ (உறுதியாவது) ரோல்பேக்கோ (கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவது) ஆகும்வரை அந்த வரியின் லாக்கை விடாது. படிக்க வருபவருக்கு வரியின் பழைய பதிப்பு கிடைத்துவிடும். திருத்த வருபவர் காத்திருந்தே ஆக வேண்டும். ஜிஎஸ்டி பில்லுக்குத் தொடர் எண் கட்டாயம் என்பதால், பல மென்பொருள்கள் 'கடைசி பில் எண்' என்று ஒரே ஒரு வரியை வைத்திருக்கும். எல்லாக் கவுண்டரும் அந்த வரிக்குத்தான் வந்தாக வேண்டும்.

தரவுத்தளத்தோடு இப்போது இணைந்திருப்பவர்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து பாருங்கள். காத்திருக்கும் செஷன்கள் (இணைப்புகள்) 'ஆக்டிவ்' என்றும், காத்திருப்பு வகை 'லாக்' என்றும் தெரியும். வெகுநேரமாக ஓடுகிறதே என்று பலரும் இவற்றைத்தான் நிறுத்துகிறார்கள். பாவம், இவை மாட்டிக்கொண்டவை. வழியை மறித்திருப்பது பெரும்பாலும் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' நிலையில், டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும்.

அதைப் பிடிக்க, 2016இல் 9.6 பதிப்போடு வந்த பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷன் உதவும். காத்திருக்கும் செஷனின் எண்ணைக் கொடுத்தால், மறித்திருப்பவரின் எண்ணைச் சொல்லும். அவரையும் வேறொருவர் மறித்திருக்கலாம். பதில் காலியாக வரும்வரை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்தச் செஷனுக்கு நேரே தெரியும் கட்டளை, அது கடைசியாக ஓட்டியது மட்டுமே. லாக் எடுத்த கட்டளை அதற்கு முன்பே முடிந்திருக்கலாம். அதனால் டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரத்தைப் பார்ப்பது நல்லது.

ஓடும் கட்டளையை நிறுத்தும் பிஜி_கேன்சல்_பேக்எண்ட் இங்கே பயன்படாது, ரத்து செய்ய ஓடும் கட்டளையே இல்லை. பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் இணைப்பையே துண்டிக்கும். முடிவடையாமல் இருந்த வேலை ரோல்பேக் ஆகி, லாக் விடுபடும். டெட்லாக் வேறு கதை. ஒருவரையொருவர் மறித்துக்கொண்டால் போஸ்ட்கிரெஸே கண்டுபிடித்து ஒருவரைக் கைவிட்டுவிடும். அதைச் சோதிக்க அது காத்திருக்கும் நேரம் இயல்பாக 1 நொடி. நம் கடையில் வட்டம் இல்லை, வரிசை மட்டுமே. அதைத் தானாகக் கலைக்கும் ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட் என்ற அமைப்பும் இயல்பில் அணைந்தே இருக்கும்.

வழியை மறித்த செஷன் எதற்காகச் சும்மா இருந்தது என்று தேடினால், அடிக்கடி நிரலிலேயே காரணம் கிடைக்கும்: பில் எண்ணை முதலில் எடுத்துவிட்டு, வாடிக்கையாளரின் யுபிஐ பணம் வரும்வரை டிரான்சாக்ஷனைத் திறந்தே வைத்திருப்பது. பணம் வந்த பிறகு டிரான்சாக்ஷனைத் தொடங்கி, கமிட்டுக்குச் சற்று முன்னால் எண்ணை எடுத்தால் அந்த லாக் சில மில்லிநொடிகளில் விடுபடும்.