ஃபெர்னாட்ச் திராட்சையும் புள்ளிச் சிறகு ஈயும்: மருந்துக்கு முன் இலையைப் பாருங்கள்

இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கிறது தென் டிரோல். செப்டம்பர் பிறந்தால் அங்குள்ள ஃபெர்னாட்ச் தோட்டங்களில் எழும் கேள்வி, "எந்த மருந்தை அடிக்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வி எழும்போதே பாதி வேலை கை மீறிப் போயிருக்கும். இந்த ரகத்தைக் காப்பாற்றும் வேலைகள் ஜூன், ஜூலையில் முடிந்துவிட வேண்டியவை.

முதலில் ரகத்தைப் பற்றி. ஜெர்மன் பேசுவோருக்கு ஃபெர்னாட்ச், இத்தாலியருக்கு ஸ்கியாவா. ஒரே பெயரில் வழங்கினாலும் இது பல ரகங்களின் தொகுப்பு. பெரிய கொத்து தரும் குரோஸ்ஃபெர்னாட்ச், எடல்ஃபெர்னாட்ச், கிராவ்ஃபெர்னாட்ச் ஆகியவை முக்கியமானவை. குரோஸ்ஃபெர்னாட்சை ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் டிரோலிங்கர் என்பார்கள். இங்கிலாந்தில் பிளாக் ஹாம்பர்க். லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 250 ஆண்டுகளைக் கடந்தும் காய்த்துக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற கொடி இதுதான். நமக்கும் இதனோடு உறவு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அதன் பெற்றோர் இரண்டில் ஒன்று குரோஸ்ஃபெர்னாட்ச், மற்றது அலெக்சாண்ட்ரியா மஸ்கட்.

1970-களில் தென் டிரோலின் திராட்சைப் பரப்பில் பாதிக்கு மேல் ஃபெர்னாட்ச்தான். இன்று பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அளவுக்கு மீறிக் காய்க்கவிட்டு, தண்ணீர் போன்ற வைனை மொத்த விலைக்குத் தள்ளியதில் பெயர் கெட்டதே அதற்குப் பெரிய காரணம். போல்சானோ நகரை ஒட்டிய சாண்டா மடலேனா குன்றிலும் கால்டாரோ ஏரியைச் சுற்றியும் மிஞ்சியிருக்கும் பழைய கொடிகள் தரும் வைன், அந்தக் கெட்ட பெயருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. வெளிர் சிவப்பு, குறைந்த துவர்ப்பு, 12 முதல் 13 சதவீத ஆல்கஹால், லேசான பாதாம் வாசனை. ஆனால் குறையை மறைக்க அடர் நிறமோ, துவர்ப்போ, ஓக் பீப்பாயின் மணமோ இதில் கிடையாது. துளி வினிகர் வாடை சேர்ந்தாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

அந்த வாடைக்குக் கதவு திறந்துவிடும் பூச்சிதான் புள்ளிச் சிறகு ஈ, அதாவது டுரோசோபிலா சுசூகி. கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இது 2008-இல் ஐரோப்பாவிலும், அடுத்த ஆண்டு தென் டிரோலுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் டிரென்டோ பகுதியிலும் கண்டறியப்பட்டது. அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் சாதாரணப் பழ ஈக்குப் பழம் ஏற்கெனவே வெடித்திருக்க வேண்டும். இதற்கு அது தேவையில்லை. 2, 3 மில்லிமீட்டரே இருக்கும் பெண் ஈயின் முட்டையிடும் உறுப்பில் ரம்பப் பற்கள் உண்டு. நல்ல பழத்தின் தோலையே அறுத்து உள்ளே முட்டை வைத்துவிடும். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். மழை ஓயாத 2014-இல்தான் ஃபெர்னாட்ச் விவசாயிகளுக்கு இதன் முழு முகம் தெரிந்தது.

ஏன் குறிப்பாக ஃபெர்னாட்ச்? பழம் பெரிது, தோல் மெல்லிசு, நிறம் ஏறியதும் இன்னும் இளகிவிடும். புழு திராட்சைக்குள் வளர்வது குறைவு. பெரும்பாலான முட்டைகள் முழு ஈயாக மாறுவதில்லை. இதைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். சேதம் துளையில் இருக்கிறது. அதன் வழியே சாறு கசியும், ஈஸ்ட்டும், சாற்றை வினிகராக்கும் அசிட்டிக் பாக்டீரியாவும் நுழையும், வாசனைக்குச் சாதாரணப் பழ ஈக்கள் கூடும், நோயை அடுத்த பழத்துக்கு அவை சுமந்து போகும். இதுதான் புளிப்பு அழுகல்.

இரண்டாவது காரணம் பந்தல். ஃபெர்னாட்சில் அடிக்கண்கள், அதாவது கிளையின் அடியில் இருக்கும் மொட்டுகள், சரியாகக் காய்க்காது. அதனால் கிளையை நீளமாக விட்டுக் கவாத்து செய்து, சாய்வான மரப் பந்தலில் படரவிடுவது அங்கே பழைய வழக்கம். மேலே இலைக் கூரை, கீழே புல், நடுவில் நிழலில் தொங்கும் கொத்து. 30 பாகை வெப்பத்தைத் தாண்டினால் இந்த ஈ சுணங்கும். காய்ந்த காற்று ஆகவே ஆகாது. வெளியே வெயில் கொளுத்தும்போது அதற்குப் புகலிடம் கொடுப்பது நாமே போட்டுவைத்த நிழல்தான்.

ஆகவே வேலை இலையில் தொடங்க வேண்டும். பூ முடிந்து, பிஞ்சு மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவுக்கு வருவதற்குள் கொத்தைச் சுற்றியுள்ள இரண்டு முதல் நான்கு இலைகளைக் கிள்ளுங்கள். காலை வெயில் விழும் பக்கம் தாராளமாக, மேற்குப் பக்கம் கையை அடக்கி. இந்தப் பருவத்தில் வெயில் பட்ட பிஞ்சு, தோலை அதற்கேற்பப் பழக்கிக்கொள்ளும். நிறம் ஏறிய பிறகு பயந்துபோய் ஒரே நாளில் இலையை உருவினால் பழம் வெந்துவிடும். ஈ செய்யாத சேதத்தை நாமே செய்ததாகும். குரோஸ்ஃபெர்னாட்ச் கொத்து நெருக்கமாக இருந்தால் வால் பகுதியை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பழங்கள் ஒன்றையொன்று நெருக்கிக் காம்படியில் வெடிக்கும். நிறம் ஏறும் முன் வெட்டியதைத் தரையில் போடலாம். அதன்பின் வெட்டுவதை வாளியில் சேர்த்து வெளியே கொண்டுபோக வேண்டும்.

பழுக்கத் தொடங்கும் முன்பே புல்லை ஒட்ட வெட்டி, அறுவடை வரை குட்டையாகவே வைத்திருங்கள். தெளிப்பு நீரை நிறுத்திச் சொட்டுநீருக்கு மாறுங்கள். தழைச்சத்து கூடினால் தோல் இன்னும் இளகும். வேலி ஓரத்து எல்டர்பெர்ரி, பிளாக்பெர்ரி, பறிக்காமல் விட்ட அத்தி ஆகியவற்றில்தான் ஈ பெருகி வரும். காட்டை ஒட்டிய வரிசைகள் முதலில் அடிபடுவது இதனால்தான்.

பொறிகளை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். ஆப்பிள் வினிகர் முக்கால் பங்கு, சிவப்பு வைன் கால் பங்கு, லிட்டருக்கு 20 கிராம் நாட்டுச் சர்க்கரை: டிரென்டோ பகுதியில் புழங்கும் கலவை இது. ஈ வந்திருக்கிறதா என்று காட்டும். பழத்தில் முட்டை இருக்கிறதா என்று காட்டாது. அதற்குப் பழத்தைத்தான் பார்க்க வேண்டும். நிறம் ஏறியதிலிருந்து வாரம் ஒருமுறை, மழை வாரத்தில் இருமுறை, வெவ்வேறு கொத்துகளின் நிழல் பக்கத்திலிருந்து 50 பழங்களைக் காம்போடு கத்தரித்து எடுங்கள். பிய்த்தால் காம்படியில் வரும் காயம் குழப்பும். 10 அல்லது 15 மடங்கு பெருக்கும் லென்ஸில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முட்டை தோலுக்குள் மறைந்திருக்கும். வெளியே தெரிவது அதன் இரண்டு வெள்ளை மூச்சிழைகள் மட்டும், ஒரே துளையிலிருந்து ஜோடியாக நீட்டிக்கொண்டிருக்கும். சந்தேகம் என்றால் மெல்ல அழுத்துங்கள். துளையிருந்தால் சாறு துளிர்க்கும். 50-இல் ஓரிரு பழத்தில் கண்டாலே அறுவடைத் தேதியை முன்னே நகர்த்த யோசியுங்கள். பழத்தில் சர்க்கரை இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருப்பது இந்த ரகத்தில் லாபமில்லை.

மருந்து வேண்டவே வேண்டாமா? கயோலின் களிமண்ணை 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ என்று கரைத்துக் கொத்துப் பகுதியில் அடித்தால் முட்டையிடுவது குறையும். மழை கழுவினால் மறுபடி அடிக்க வேண்டும். ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து வளர்ந்த ஈக்களைக் கொல்லும், தேனீக்களையும் கொல்லும். தோலுக்குள் இருக்கும் முட்டைக்கு நம்பி அடிக்க முடியாது. அடித்தபின் காத்திருப்புக் காலம் முடியாமல் பறிக்கவும் முடியாது, பறிக்க வேண்டிய அவசரமோ அப்போதுதான் வரும். கிழக்கு ஆசியாவின் கனாஸ்பிஸ் ஒட்டுண்ணிக் குளவியை இத்தாலி 2021 முதல் அனுமதியோடு விட்டுவருகிறது. அது வட்டாரம் முழுவதற்குமான நீண்டகால வேலை; இந்த ஆண்டு விளைச்சலுக்கு அதைக் கணக்கில் வைக்காதீர்கள்.

அறுவடையன்று பொறுக்குவது தோட்டத்திலேயே நடக்கட்டும். வினிகர் வாடை வரும் கொத்தில் நல்ல பகுதியை மீட்கப் பார்க்காமல் முழுதாக ஒதுக்குங்கள். ஆழமில்லாத பெட்டிகளில் கொண்டுவந்து அன்றே நசுக்கி, கிலோவுக்கு 50 மில்லிகிராம் அளவில் கந்தக டை ஆக்ஸைடு சேர்த்து, வளர்ப்பு ஈஸ்ட்டைத் தாமதிக்காமல் இடுங்கள். ஐரோப்பியச் சட்டப்படி சிவப்பு வைனில் ஆவியாகும் அமிலம் (வினிகர் வாடை தருவது) லிட்டருக்கு 1.2 கிராம் வரை இருக்கலாம். ஃபெர்னாட்சில் 0.7-ஐத் தொட்டாலே குடிப்பவர் முகம் சுளிப்பார். நகப்பூச்சு நீக்கியின் வாடையும் சேர்ந்துவிட்டால் வைன் தயாராகும் பாதாள அறையில் செய்யக்கூடியது அநேகமாக எதுவுமில்லை.

பிழிந்த சக்கையை உடனே தோட்டத்தில் கொட்ட வேண்டாம். பக்கத்துத் தோட்டத்தில் லாக்ரைன் போன்ற பிந்திப் பழுக்கும் ரகங்கள் இன்னும் கொடியில் இருக்கும். அக்கம்பக்கத்து அறுவடை முடியும்வரை சக்கையைப் பிளாஸ்டிக் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடிவைத்து, பிறகு மட்கவிடலாம்.