ரன்னிங் பேக் கமிட்டி: பந்தேந்தல் பங்கீடு

அமெரிக்கக் கால்பந்தில் ‘ரன்னிங் பேக் பை கமிட்டி’ என்றொரு வழக்கு உண்டு. பந்தைக் கையில் வாங்கி எதிரணியின் தடுப்பைப் பிளந்து ஓடும் வேலையை ஒரே ஆளிடம் விடாமல் இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பதை இது குறிக்கும்.

‘பேக்’ என்பது ஆட்டக்காரர் நிற்கும் இடத்தால் வந்த பெயர். பந்து வைக்கப்படும் கோட்டை ஒட்டி நிற்பவர்கள் முன்வரிசை. அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் பேக். ரன்னிங் பேக் என்பவரைப் ‘பின்கள ஓட்டக்காரர்’ எனலாம். அவர் பந்தோடு ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு ‘கேரி’. இதற்குச் ‘சுமப்பு’ பொருந்தாது, அதில் பாரம்தான் தெரிகிறது, ஓட்டம் தெரியவில்லை. ‘பந்தேந்தல்’ என்பதே என் தேர்வு. எறிந்த பந்தைப் பிடித்துவிட்டு ஓடுவது இந்தக் கணக்கில் வராது.

சிக்கல் ‘கமிட்டி’யில்தான் இருக்கிறது. ‘ஒப்படைத்தல்’ என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து கிளைத்த சொல் இது. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட தனி ஆளுக்கே இது பெயர்; கூடி முடிவெடுக்கும் அவை என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அந்தப் பொருளுக்கு நம்மிடம் ‘குழு’ உண்டு, அதற்கும் மூத்த ‘வாரியம்’ உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பேசுகின்றன. ஆனால் ஓட்டக்காரர்கள் கூடி உட்கார்ந்து எதையும் முடிவு செய்வதில்லை. யாருக்கு எத்தனை முறை பந்து என்று அளந்து கொடுப்பவர் பயிற்சியாளர். ஆகவே ‘பங்கீடு’ என்பதே சரி. அளவுள்ள ஒன்றைத் தேவை பார்த்துப் பிரிப்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சமமாகப் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

இதற்கு எதிர்ச்சொல் ‘பெல் கௌ’. மந்தையை நடத்திச் செல்லும், கழுத்தில் மணி கட்டிய பசு. ஏறக்குறைய எல்லாப் பந்தேந்தலையும் தானே செய்பவருக்கு இந்தப் பெயர். ‘முன்னேர் போன வழியே பின்னேர்’ என்று சொல்லும் நமக்கு ‘முன்னேர்’ என்ற சொல் கையிலேயே இருக்கிறது.

முன்னேரை மட்டும் நம்புவதன் விலை என்ன? 2006இல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் லாரி ஜான்சன் 416 முறை பந்தேந்தினார். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லில் ஒரே பருவத்தில் அதைவிட அதிகம் ஏந்தியவர் இல்லை. அடுத்த ஆண்டு பாதத்தில் காயம், எட்டு ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. 1998இல் அட்லாண்டாவின் ஜமால் ஆண்டர்சன் 410 முறை ஏந்தினார். மறு ஆண்டின் இரண்டாம் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. டெரிக் ஹென்ரி போன்றவர்களும் உண்டுதான்: 2020இல் 378 முறை ஏந்தி 2,027 கெஜம் ஓடினார், அடுத்த ஆண்டு பாதம் முறிந்தது, ஆனாலும் 2024இல் முப்பது வயதில் 1,921 கெஜம் ஓடினார். ஆனால் ஓர் அணி தன் திட்டத்தை ஹென்ரி மாதிரி ஓர் அபூர்வப் பிறவியை நம்பி வகுக்கக் கூடாது.

நல்ல பங்கீட்டுக்கு டெட்ராய்ட் லயன்ஸைப் பார்க்கலாம். 2023இல் டேவிட் மான்ட்கோமரி 219 முறை ஏந்தி 1,015 கெஜமும், ஜமீர் கிப்ஸ் 182 முறை ஏந்தி 945 கெஜமும் ஓடினார்கள். புள்ளி எடுக்கக் கடக்க வேண்டிய எல்லைக்கோட்டருகே நெரிசலில் முட்டி நுழைய மான்ட்கோமரி. திறந்த வெளியில் விலகிப் பறக்க கிப்ஸ். கிப்ஸ் அதே ஆண்டு 52 பந்துகளைப் பிடித்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பந்தேந்தலை மட்டும் எண்ணினால் அவருடைய பங்கு குறைவாகத் தெரியும். மறு ஆண்டு அந்த அளவு மாறியது: கிப்ஸுக்கு 250, மான்ட்கோமரிக்கு 185. வளர்ந்து வந்த இளைஞரின் பங்கு கூடியது, மூத்தவரின் வேலை பறிபோகவில்லை. பங்கீடு என்றால் இதுதான். ஆளுக்குப் பாதி என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் இருவரில் யாருக்கும் ஆட்டத்தின் போக்கு பிடிபடாது. இன்னார்க்கு இன்ன வேலை என்று பிரிக்க வேண்டும், மூன்றாமவர் பந்தை எறிபவர் மீது பாயும் எதிராளியைத் தடுக்கத் தெரிந்தவராக இருந்தால் அவருக்கும் இடம் உண்டு.

இது புதிய வழக்கமும் அல்ல. 1972இல் ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் வென்ற மயாமி டால்ஃபின்ஸில் லாரி சோங்கா, மெர்க்குரி மாரிஸ், ஜிம் கிக் மூவரும் பந்தைப் பகிர்ந்துகொண்டார்கள். சோங்கா 1,117 கெஜம். மாரிஸுக்கு முதலில் எழுதப்பட்டது 991; அவர் கணக்கில் தவறாகக் கழிக்கப்பட்டிருந்த 9 கெஜம் திருத்தப்பட்டதும் அது சரியாக 1,000 ஆனது. என்.எஃப்.எல்லில் ஒரே அணியில் ஒரே பருவத்தில் இருவர் ஆயிரம் கெஜத்தை எட்டியது அதுவே முதல் முறை.