எந்தப் பக்கம் நகர்த்துவது?

12/13-ஐயும் 7/8-ஐயும் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு வரும்? 1, 2, 19, 21 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1977–78-இல் அமெரிக்காவில் தேசிய அளவில் நடந்த மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயது மாணவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. 24 சதவீதத்தினர்தான் 2 என்றார்கள். பாதிக்கு மேற்பட்டோரின் விடை 19 அல்லது 21. மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21! இரண்டு பின்னங்களும் ஒன்றைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்று பார்த்திருந்தால் மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) தேடும் வேலையே இல்லை.

தோராயம் என்றதும், '5 அல்லது அதற்கு மேல் என்றால் கூட்டு, கீழே என்றால் குறை' என்ற விதிதான் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருகிறது. தனி எண்ணுக்கு அது சரி. இரண்டு எண்கள் சேர்ந்தால் காலை வாரிவிடும். 46 × 77-ஐ 50 × 80 ஆக்கினால் 4000. உண்மை விடை 3542. இரண்டையும் உயர்த்தியதால் பிழை 13 சதவீதம் வரை ஏறிவிட்டது. பெருக்கலில் ஒன்றை ஏற்றினால் மற்றதை இறக்க வேண்டும்: 50 × 70 = 3500.

வகுத்தலில் இது தலைகீழ். அங்கே இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்தினால்தான் விகிதம் குலையாது. 1128 பேர், ஒரு பேருந்தில் 36 பேர் என்றால் 1200 ÷ 40 = 30, விடைக்குப் பக்கம். 1200 ÷ 30 என்று எதிரெதிராக நகர்த்தினால் 40. சரியாக வகுத்தால் ஈவு 31, மீதி 12. ஆனால் மீதிப் பேரும் போக வேண்டுமே, ஆகவே 32 பேருந்துகள். '31, மீதி 12' என்று எழுதி நிறுத்தும் பிள்ளைகள் ஏராளம்.

கழித்தலிலும் ஒரே பக்கம்தான். ஆனால் நெருங்கிய எண்களில் எச்சரிக்கை தேவை: 5032 − 4978-ஐ ஆயிரத்துக்குத் தோராயமாக்கினால் பூச்சியம், உண்மையில் 54.

தசமப் பெருக்கலில் புள்ளியை எங்கே வைப்பது என்ற குழப்பத்துக்கும் தோராயமே மருந்து. 0.46 × 0.77 என்பது 0.77-இல் பாதிக்குச் சற்றுக் குறைவு. 0.3542-தான் பொருந்தும், 3.542-க்கு இடமே இல்லை.

கடைசி இலக்கம் வரை சரிபார்க்கப் பலர் ஒன்பதைத் தள்ளும் முறையை நம்புகிறார்கள். 46-இன் இலக்கங்களைக் கூட்டினால் 10, பிறகு 1. 77-க்கு 14, பிறகு 5. பெருக்கினால் 5. 3542-இன் இலக்கங்களும் 14, பிறகு 5. பொருந்துகிறது. ஆனால் 46 × 7 = 322 என்று இரண்டு வரி எழுதிப் பெருக்கும்போது, இரண்டாம் வரியை ஓரிடம் தள்ளி எழுத மறந்து 322 + 322 = 644 என்று வந்தாலும் 14, 5! இலக்கம் இடம் மாறி 3452 ஆனாலும் 14, 5! பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி 1. எனவே எந்த இடத்தில் நின்றாலும் இலக்கத்தின் மதிப்பு இந்தச் சோதனைக்கு ஒன்றுதான். மாணவர்கள் அதிகம் செய்யும் இரு தவறுகளுக்கும் அதற்குக் கண்ணில்லை.

644-ஐ 3500 என்ற தோராயமே காட்டிக்கொடுத்துவிடும். 3452 தோராயத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதால், அதைப் பிடிக்க ஒன்பதுக்குப் பதில் பதினொன்றை வைத்துச் சோதிக்க வேண்டும். வலமிருந்து இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள். 77: 7 − 7 = 0; ஆகவே 46-க்கு எது வந்தாலும் பெருக்கற்பலனுக்குப் பூச்சியம்தான் வர வேண்டும். 3542: 2 − 4 + 5 − 3 = 0. 3452: 2 − 5 + 4 − 3 = −2. பிடிபட்டது.